மாணவியர் திடலுக்கு வருவதும் வராமல் போவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல்கலைக்கழகம் சேரும் நம் பெண் பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். பினாங்கில் படித்த காலத்தில் வலைப்பந்து ஆடியவள் நான்; இப்போது தலைநகரில் வார இறுதிகளில் மாணவியருக்கு அதே ஆட்டத்தைக் கற்றுத் தருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் கொடுத்துவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பள்ளியில் நன்றாக விளையாடிய பெண்கள் பல்கலைக்கழகம் வந்ததும் ஏன் நிறுத்திவிடுகிறார்கள்? ஆர்வம் குறைந்துவிடுகிறதா?

ஆர்வம் வற்றிப்போய் நிறுத்தியவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். பள்ளிக் காலத்தில் விளையாட்டு ஒரு பெண்ணைத் தேடி வருகிறது. 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' என்னும் கொள்கை 2011ஆம் ஆண்டில் அறிமுகமானது. இல்ல விளையாட்டுப் போட்டி, மாவட்டப் போட்டி என்று பள்ளி நாள்காட்டியே அவளுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறது. பயிற்சி முடிந்ததும் பள்ளி வாசலில் அப்பாவின் மோட்டார் சைக்கிளோ பள்ளி வேனோ காத்திருக்கிறது. அரசு பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுவதால், வீட்டில் யாரும் அதைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை.

இடம் கிடைத்த நாளோடு அந்த 10 விழுக்காட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு விளையாட்டு அவளைத் தேடி வராது; அவள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். புதிய ஊர், புதிய விடுதி, முகம் தெரியாத பயிற்சியாளர், இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் பயிற்சி. அந்த நேரத்தில் அவள் மனத்தில் எழும் கேள்விகள் இரண்டே இரண்டுதான்: யாருடன் போவது? எப்படித் திரும்பி வருவது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்த மாணவி பெரும்பாலும் தொடர்ந்து ஆடுகிறாள். கிடைக்காதவள் முதல் பருவத்திலேயே காலணியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் பலவும் இந்த இரண்டு கேள்விகளிடமே வந்து சேரும்.

பெண்கள் உடலுழைப்பில் பின்தங்கியிருப்பது நம் நாட்டில் மட்டும்தானா?

உலகெங்கும் அப்படித்தான் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022இல் உலகப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் அது 29 விழுக்காடு, பெண்களில் 34 விழுக்காடு. பெரியவர் ஒருவருக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை என்று அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. நம்மவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும்: 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது; இது நாட்டின் மற்ற பெரிய இனங்களைக் காட்டிலும் அதிகம். அம்மாவும் பாட்டியும் இனிப்பு நீருக்கு மாத்திரை விழுங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இருபது வயதில் அமையும் பழக்கம் சிறிய காரியமாகாது.

விளையாடினால் படிப்பு கெட்டுவிடாதா?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களுடைய பயத்தை நான் மதிக்கிறேன்; கல்விக் கடன் எடுத்து, நகையை அடகு வைத்து, குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாக ஒரு பெண்ணை அனுப்பிவைக்கும் வீட்டுக்கு ஒரு பாடத்தில் தோற்பது கூடப் பெரிய அடி. ஆனால் வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரம்தான். மாணவியின் நேரத்தை உண்மையில் விழுங்குவது வேறு: தூக்கம் கெட்ட இரவுகள், கைப்பேசி, கடைசி நாளில் உட்கார்ந்து எழுதும் இடுபணிகள். உடற்பயிற்சி செய்பவர்களுக்குத் தூக்கம் ஆழமாகிறது, மனப்பதற்றம் குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட மருத்துவ உண்மை.

எஸ். சிவசங்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். கெடாவில் பிறந்த இந்த ஸ்குவாஷ் வீராங்கனை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே ஆடியவர். 2022இல் கார் விபத்தில் கடுமையாகக் காயமுற்ற பிறகும் திடலுக்குத் திரும்பி, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கத்தையும், 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டத்தையும் வென்றார். எல்லாரும் சிவசங்கரி ஆகப்போவதில்லை. படிப்பும் ஆட்டமும் ஒரே உடலில் இருக்க முடியும் என்பதற்கு அவர் கண்முன் இருக்கும் சான்று.

தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள நானே சொல்வேன். நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

நேரம் இல்லை என்று சொல்கிறார்களே, அது சாக்கா?

சில வேளைகளில் சாக்காக இருக்கலாம், பெரும்பாலும் உண்மை. இதை நம் ஊர் வானத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியளவில்தான் விடிகிறது. மாலை ஏழரை மணியளவில் இருட்டத் தொடங்கிவிடுகிறது. எட்டு மணிக்கு முதல் விரிவுரை இருந்தால் காலைப் பொழுது போயிற்று. மாலை ஐந்துக்கோ ஆறுக்கோ கடைசி வகுப்பு முடிந்து, விடுதிக்குப் போய் உடை மாற்றி வந்தால், வெளிச்சத்தில் ஆடக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் அந்த ஒரு மணி நேரத்தையும் இடியுடன் கூடிய மழை எடுத்துக்கொள்ளும். மின்னல் இருக்கும்போது திடலில் நிற்கவே கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புறப் பயிற்சியைக் கைவிட வேண்டியதுதான்.

ஆண் மாணவர்களுக்கும் இதே வானம்தான். ஆனால் அவர்கள் இரவு ஒன்பது மணிக்கு ஃபுட்சல் ஆடிவிட்டு, பதினொரு மணிக்கு மாமாக் கடையில் தேநீர் குடித்துவிட்டு விடுதி திரும்புகிறார்கள், யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு இருட்டியபின் உள்ள நேரம் பாதி அடைபட்ட நேரம். ஆகவே 'எனக்கு நேரமில்லை' என்று ஒரு மாணவி சொல்லும்போது, 'எனக்கு வெளிச்சமுள்ள நேரமில்லை' என்று நான் புரிந்துகொள்கிறேன். இது புரிந்தால் தீர்வும் தெரியும்: மேற்கூரையுள்ள கூடம், பெண்களுக்கென்று மாலை ஐந்து முதல் ஏழு வரை ஒதுக்கப்பட்ட நேரம், காத்திருக்காமல் ஏறிக்கொள்ளும் வளாகப் பேருந்து.

பாதுகாப்பைப் பற்றிய பயம் எந்த அளவுக்கு நியாயமானது?

மிகவும் நியாயமானது. அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தலைநகரில் ஒரு கல்வி நிலையத்தின் பூப்பந்துக் கூடத்தில் இரவு ஒன்பதரைக்குப் பயிற்சி முடிந்தது. கூடத்திலிருந்து பெண்கள் விடுதிக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம். பாதையில் மூன்று விளக்குக் கம்பங்கள். நடுவில் இருந்ததில் விளக்கு எரியவில்லை. என்னோடு இருந்த முதலாம் ஆண்டு மாணவி அந்த இருட்டுத் துண்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தைக் கைப்பிடிக்குள் இறுக்கிக்கொண்டு, அடுத்த விளக்கின் வட்டத்துக்குள் வந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தைத் தொடர்ந்தாள். தான் அப்படிச் செய்தது அவளுக்கே தெரியவில்லை. அடுத்த மாதம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. பொறுப்பில் இருந்தவர்கள், 'மாணவியருக்கு ஆர்வம் இல்லை' என்று குறித்துக்கொண்டார்கள். ஒரு விளக்கு மாற்றப்பட்டிருந்தால் அந்தக் குறிப்பு வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

பாதை மட்டுமல்ல, திடலுக்குள்ளும் பயம் இருக்கலாம். உடலைப் பற்றிய கேலி, அவசியமில்லாத தொடுதல், இரவில் வரும் குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எந்த மாணவிக்கும் இல்லை. பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022இல் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்கீழ் முறையிடுவதற்கென்று தனித் தீர்ப்பாயமும் உள்ளது. ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து அச்சுறுத்துவதும் 2023 முதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். பயிற்சியாளர் எத்தனை பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் என்பது இதில் பொருட்டே இல்லை.

'வெயிலில் கறுத்துப்போவாய், யார் கட்டிக்கொள்வார்கள்?' என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வியை எழுதும்போதே எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் இது பெரும்பாலும் அன்புள்ளவர்களின் வாயிலிருந்து வருகிறது. அத்தை சொல்வார், பாட்டி சொல்வார், சில வீடுகளில் அம்மாவே சொல்வார். கேட்கும் பெண் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் அடுத்த வாரம் ஹாக்கியை விட்டுக் கூடத்துக்குள் ஆடும் ஆட்டத்துக்கு மாறியிருப்பாள், அதற்கடுத்த மாதம் எதையும் ஆடமாட்டாள்.

தோல் பாதுகாப்பு வேறு, நிறப் பயம் வேறு. நம் ஊர் வெயிலில் புற ஊதாக் கதிர்வீச்சு கடுமையானது என்பது உண்மை. காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் ஆடுவதும், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பு பூசுவதும், தொப்பி அணிவதும் எல்லா நிறத்தவருக்கும் நல்லது. அதற்கு மேல் இருப்பது தோலைப் பற்றிய அக்கறையே இல்லை. 2021இல் சுதிர்மான் கிண்ண ஆட்டத்தில் தோற்ற நம் பூப்பந்து வீராங்கனை கிசோனா செல்வதுரையை ஓர் அரசியல்வாதி சமூக ஊடகத்தில் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தியபோது எல்லா இனத்தவரும் அவர் பக்கம் நின்றார்கள். வெளியார் சொன்னபோது கொதித்த நாம், அதே கருத்தை வீட்டுக்குள் சோறு போட்டுக்கொண்டே நம் பெண்ணிடம் சொல்லலாமா? பெற்றோரிடம் பேசும்போதெல்லாம் இதை நேராகவே கேட்கிறேன். பலர் அமைதியாகிவிடுகிறார்கள். சில அப்பாக்கள் மறுவாரம் தாங்களே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

விளையாட்டு உடை அணியக் கூச்சமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு. பொழுதுபோக்கு ஆட்டத்துக்கும் வளாகத்துக்குள் நடக்கும் பெரும்பாலான போட்டிகளுக்கும் முழுநீள டிரெக் சூட்டும் தளர்வான ஜெர்சியும் போதும். அனைத்துலகப் பூப்பந்து சம்மேளனமே பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று 2011இல் விதி கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு எழுந்ததும் 2012இல் கைவிட்டது. விம்பிள்டன் 2023 முதல் வெள்ளை உடைக்கு உள்ளே அடர்நிறக் கால்சட்டை அணியப் பெண்களை அனுமதித்தது. மாதவிடாய் நாள்களில் அவர்கள் படும் பதற்றமே அதற்குக் காரணம். உலக அளவில் விதியே வளைந்துகொடுக்கும்போது, வெள்ளைக் கால்சட்டைதான் சீருடை என்று ஒரு விடுதிக் குழு பிடிவாதம் பிடிப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சீருடையைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் மாணவியர் இருவராவது இருக்கட்டும்.

உடையில் செலவழிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நன்றாகத் தாங்கும் விளையாட்டு உள்ளாடை. மார்பு வலியாலும் கூச்சத்தாலும் ஓடாமல் நிற்கும் பெண்கள் பலர். வெட்கப்பட்டு அதைச் சொல்லாமல் 'முழங்கால் வலி' என்பார்கள்.

மாதவிடாய் நாள்களில் விளையாடலாமா?

உடல் இடம் கொடுத்தால் தாராளமாக விளையாடலாம். வாரத்தில் மூன்று முறை, 45 முதல் 60 நிமிடம் வரை உடற்பயிற்சி செய்துவரும் பெண்களுக்கு மாதவிடாய் வலி கணிசமாகக் குறையக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வலி கடுமையாக இருக்கும் முதல் நாளில் ஓய்வெடுப்பதும் தவறில்லை. நடைமுறையில் ஒரு மாணவியைத் தடுப்பது வலியைவிடக் கழிப்பறைதான்: திடலிலிருந்து அது எவ்வளவு தூரம், தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, குப்பைத்தொட்டி இருக்கிறதா? நான் எந்தப் புதிய திடலுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது இவற்றைத்தான், வலைக்கம்பத்தைப் பிறகுதான்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் அதே தேசிய ஆய்வில், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தசோகை இருந்தது. 'என் மகள் சோம்பேறி, மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது' என்று சொல்வதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துபாருங்கள். மறுபுறம், அதிகமாகப் பயிற்சி செய்து குறைவாகச் சாப்பிடும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் போனால், அது நல்ல உடற்தகுதியின் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது; உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் அனுமதி கிடைப்பதில்லை. எப்படிப் பேசுவது?

தைப்பூசத்தை நினைவுபடுத்துங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது, நம் பெண்கள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் பத்துமலை வரை, இரவெல்லாம், பலர் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். பிறகு பால்குடத்தோடு 272 படி ஏறுகிறார்கள். பினாங்கில் தண்ணீர்மலை முருகனைக் காண 513 படி. எந்த வீட்டிலும் 'பெண்ணுக்கு அவ்வளவு உடம்பு தாங்காது' என்று அன்று யாரும் சொல்வதில்லை, 'இருட்டிவிட்டது' என்றும் சொல்வதில்லை. ஏன்? வீடே கூட நடக்கிறது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள், எப்போது திரும்புவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆக, நம் குடும்பங்களுக்குப் பெண்ணின் உடல் வலிமையில் ஐயமே இல்லை. துணையும் வழியும் தெரிந்தால் அனுப்பிவைப்பார்கள்.

எனவே 'நான் ஆடப் போகிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கூடம், எத்தனை மணி வரை, உடன் வரும் இரண்டு தோழியர் யார், பயிற்சியாளரின் எண் என்ன, எந்த ரயிலில் அல்லது யாருடைய காரில் திரும்புவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு முறை அம்மாவை அழைத்து வாருங்கள். என்னிடம் ஆடிய ஒரு மாணவியின் அம்மா செந்தூலிலிருந்து வந்து, முதல் நாள் முழுவதும் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். மூன்றாவது முறை வந்தபோது எலுமிச்சைச் சாறு நிரப்பிய பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எதிரணிப் பெண்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார். நான்காவது முறை, நடுவர் தவறாக ஊதியதாக என்னிடம் வாதாடினார். வலைப்பந்தின் விதியை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்.

இதுவரை எதையும் ஆடியதில்லை. இருபது வயதில் தொடங்க முடியுமா?

முடியும். பூப்பந்துதான் நம் நாட்டில் எளிதான வாசல். மட்டையைப் பிடித்த அன்றே பத்து அடி அடித்துவிடலாம், எங்கு போனாலும் கூடம் உண்டு. ஓடப் பிடித்தவர்களுக்குப் பினாங்கில் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காப் பக்கமும் தலைநகரில் தித்திவங்சா ஏரிப் பக்கமும் காலை நடையாளர்கள் நிறைய இருப்பதால் தனித்துப்போன உணர்வு வராது. தமிழ்ப்பள்ளியில் சிலம்பமோ கபடியோ தொட்டவர்கள் அதை மீண்டும் எடுக்கலாம், கால் மறந்திருக்காது.

மற்றவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் தொடக்கநிலையாளரின் பெரிய தடை. பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்றால் தேர்வு அணி என்றே பொருள். தேர்வில் விடுபட்டவளுக்குப் போக இடமில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான 'மாசும்' (MASUM) போட்டிக்கு வெல்லக்கூடியவர்களைத் தயார்ப்படுத்துவது தேவையான வேலைதான், ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்காகத் திடல் பூட்டப்பட்டு, மீதிப் பேர் வேலிக்கு வெளியே நிற்பதை நான் ஏற்க மாட்டேன். வாரத்தில் ஒரு மாலையாவது தொடக்கநிலை மாணவியருக்கென்று ஒதுக்கிய இடங்களில், அடுத்த ஆண்டின் தேர்வு அணிக்கே அங்கிருந்து ஆள் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எடை குறைப்பதற்காக விளையாடத் தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பித் தொடங்கியவர்கள் விரைவில் விட்டுவிடுகிறார்கள். எடைக் கருவி மூன்று வாரம் அசையாமல் நிற்கும், மனம் சோர்ந்துவிடும். தோழிக்காக வந்தவள், ஆட்டம் பிடித்து வந்தவள், ஒரு வீச்சைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்தவள் இவர்கள்தான் ஆண்டுக் கடைசியிலும் திடலில் நிற்கிறார்கள். எடை தூக்கினால் ஆண்களைப் போல் தசை வைத்துவிடும் என்ற பயமும் வேண்டாம்; பெண் உடலில் அதற்கான சுரப்பு மிகக் குறைவு. எலும்பு உறுதி பெறுவது இருபதுகளின் கடைசிவரைதான் என்பதால், இந்த வயதில் எடைப் பயிற்சி செய்வது பிற்கால எலும்புத் தேய்மானத்துக்கு இப்போதே போடும் சேமிப்பு.

காயம் பட்டால்?

குதித்து இறங்கும் ஆட்டங்களில் முழங்காலின் முன் தசைநார் கிழியும் ஆபத்து பெண்களுக்கு ஆண்களைக் காட்டிலும் 2 முதல் 8 மடங்குவரை அதிகம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். முழங்காலை வளைத்து, இரு காலிலும் சமமாக இறங்கப் பழக்கும் பதினைந்து நிமிடத் தொடக்கப் பயிற்சி இதைப் பெருமளவு தடுக்கும். அதைத் தவிர்த்துவிட்டு நேரே ஆட்டத்துக்குப் போகும் பயிற்சியாளரிடம் கேள்வி கேளுங்கள்.

செலவு தாங்குமா?

வளாகத்துக்குள் ஆடினால் பெரும்பாலும் தாங்கும். இறகுப் பந்துக்குப் பதில் நைலான் பந்து, நான்கு பேர் பகிரும் கூடக் கட்டணம், மூத்த மாணவியர் விட்டுச்செல்லும் மட்டைகள் என்று சமாளிக்கலாம். மிச்சம் பிடிக்கக் கூடாதது காலணியில். திடல் இல்லாத அடுக்குமாடிக் கட்டடங்களில் இயங்கும் தனியார் கல்லூரி மாணவியருக்குத்தான் சுமை அதிகம்; அவர்கள் ஒவ்வொரு முறையும் கூடத்துக்கும் கிராப் (Grab) வாடகைக் காருக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முன்மாதிரிகள் உண்மையில் உதவுகிறார்களா?

உதவுகிறார்கள், குறிப்பாக அவர்கள் நம்மைப் போன்ற பெயரும் முகமும் உள்ளவர்களாக இருக்கும்போது. எம். ராஜாமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். என் அம்மா தலைமுறைப் பெண்கள் அவர் பெயரை உறவுக்காரப் பெண்ணைப் போல் சொல்வார்கள். பினாங்கில் வளர்ந்த நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக ஸ்குவாஷ் பட்டம் வென்று, 2006 முதல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல் நிலையில் இருந்தார். தீனா முரளிதரனும் பெர்லி டானும் 2022 காமன்வெல்த் போட்டியில் மகளிர் இரட்டையர் தங்கம் வென்றார்கள். இந்தப் பெயர்களைச் சொன்னதும் மாணவியரின் முகம் மலர்வதைப் பார்க்கிறேன்.

ஆனாலும் ஒரு மாணவியைச் செவ்வாய்க்கிழமை மாலை அறையிலிருந்து கிளப்பிக்கொண்டு வருபவர் நிக்கோல் டேவிட் அல்லர். பக்கத்து அறை அக்காதான். 'தங்கச்சி, ஐந்தே காலுக்குக் கீழே நிற்கிறேன், வா' என்று கதவைத் தட்டும் ஒரு மூத்த மாணவி இருந்த விடுதிகளில் நம் பெண்கள் ஆடியிருக்கிறார்கள். அவள் பட்டம் பெற்றுப் போன ஆண்டில் எண்ணிக்கை விழுந்ததையும் கண்டிருக்கிறேன்.

எங்கள் விடுதியில் அப்படி யாரும் இல்லை. நான் தனியாக இருக்கிறேன். எங்கே தொடங்குவது?

இந்த வாரமே விடுதி அறிவிப்புப் பலகையிலோ வாட்சாப் குழுவிலோ ஒரு வரி எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கூடம், 'ஆடத் தெரியாதவர்களும் வரலாம், திரும்பும்போது சேர்ந்தே திரும்புவோம்'. அந்தக் கடைசிப் பகுதியைக் கட்டாயம் சேருங்கள். முதல் நாள் இருவர் வந்தாலும் ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். பூப்பந்துக்கு இருவர் போதும். ஒருவரும் வராவிட்டால் விடுதிப் பொறுப்பாளரிடம் சென்று, மாணவியருக்கென்று மாலை ஐந்து முதல் ஏழு வரை கூடம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எரியாத விளக்கு இருந்தால் அதன் கம்ப எண்ணையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.